டோமினிக்கின் மைலேஜ்

2024 மார்ச் 2 — ரூ. 3,860
2024 ஏப்ரல் 2 — ரூ. 4,110
2024 மே 2 — ரூ. 3,975
2024 ஜூன் 3 — ரூ. 4,290
2024 ஜூலை 2 — ரூ. 4,055

இவை டோமினிக்கின் சம்பளத்தில் "டீசல் குறைவு" என்று பிடிக்கப்பட்ட தொகைகள். இந்தப் பணத்தை அவர் ஒருபோதும் திருப்பிக் கேட்கவில்லை. அவர் கேட்டது ஒரு வாக்கியம். தான் டீசல் திருடவில்லை என்பதை, திருடினான் என்று சொன்ன அதே மனிதர், அதே ஆட்கள் முன்னால் சொல்ல வேண்டும் என்றார். அதற்காக அவர் அலைந்ததை, நான் பார்த்ததையும் அவர் சொல்லி அறிந்ததையும் வைத்து எழுதுகிறேன்.

த. டோமினிக் 1971இல் பொன்மலை ரயில்வே குடியிருப்பில் பிறந்தார். அப்பா தைரியராஜ் பணிமனையில் ஃபிட்டர். அங்கேயே டீசல் இன்ஜின்களின் எண்ணெய்ச் செலவைக் குறிக்கும் பிரிவில் நான் வேலை பார்த்ததால் அந்தக் குடும்பத்தோடு பழக்கம். டோமினிக்குக்குப் பள்ளிக்கூடக் கணக்கு வரவில்லை. பத்தாம் வகுப்பில் இரண்டு முறை அதிலேயே தவறினார். "ரயில் வேலை உனக்கு இல்லடா, ரோட்டுக்குப் போ" என்று தைரியராஜ் அவரை ஒரு லாரியில் கிளீனராக ஏற்றிவிட்டார். 1992இல் லைசென்ஸ். அதன்பின் நாக்பூர், கோவா என்று வருடக்கணக்கில் லாரி ஓட்டினார். கல்யாணம் ஆனதும் மனைவி அமலராணி, "பண்டிகைக்கு மட்டும் வர்ற புருஷன் எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட, உள்ளூர் வண்டி தேடி வந்தார்.

கிடைத்தது கணேஷ்குமாரின் வண்டி. இது 2002இல். கணேஷ்குமார் உறையூர்க்காரர், காந்தி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர், பழைய வேன் ஒன்றை அப்போதுதான் வாங்கியிருந்தார். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. டோமினிக் ஓட்டுவார், கணேஷ்குமார் வாழைத்தாரைத் தூக்கி ஏற்றி இறக்குவார். தொட்டியம் பக்கத்துத் தோட்டங்களில் தார் ஏற்றி வந்து மார்க்கெட்டில் போட்டுவிட்டு, மிச்சத்தை ஸ்ரீரங்கம், உறையூர், கே.கே. நகர்க் கடைகளில் இறக்குவது வேலை. இரண்டு பேரும் ஒரே பொட்டலத்தில் சாப்பிட்டார்கள். ஆட்கள் முன்னால் டோமினிக் அவரை "முதலாளி" என்பார், வண்டிக்குள் "கணேசு". அவருக்கு இவர் எங்கேயும் "டோமு"தான்.

ஒரு வேன் நான்கு வண்டிகளானது. கணேஷ்குமார் கே.கே. நகரில் வீடு கட்டினார். 2020 பொதுமுடக்கத்தில் மற்ற ஓட்டுநர்கள் வீட்டோடு இருந்துவிட்டார்கள். டோமினிக் மட்டும் அரைச் சம்பளத்துக்கு நான்கு மாதம் காய்கறி ஓட்டினார். தவணை தவறி வண்டிகளை நிதி நிறுவனக்காரர்கள் ஓட்டிக்கொண்டு போகாமல் இருந்தது அதனால்தான். இதை என்னிடம் சொன்னவர் கணேஷ்குமாரின் மனைவி மட்டுவார்குழலி. ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, "டோமினிக் அண்ணன் இல்லேன்னா எங்களுக்கு நாலு சக்கரம்கூட மிஞ்சியிருக்காது சார்" என்றார்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வண்டி லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் ஓட வேண்டும் என்று முதலாளி ஒரு எண்ணைச் சொல்வார். மாதக் கடைசியில் ஓடிய தூரத்தை அந்த எண்ணால் வகுத்துப் பார்த்து, கூடுதலாகச் செலவான டீசலை ஓட்டுநர் சம்பளத்தில் பிடிப்பார். மிச்சப்பட்டால் அது ஓட்டுநருக்கு. பிடித்தம் மாதாமாதம் வந்தால் ஓட்டுநருக்கு இரண்டில் ஒரு பெயர் வரும்: ஓட்டத் தெரியாதவன், அல்லது டீசலை இறக்கி விற்பவன். முப்பது ஆண்டு ஓட்டியவரை யாரும் ஓட்டத் தெரியாதவர் என்று சொல்ல மாட்டார்கள்.

டோமினிக்குக்குப் பிடித்தம் வந்ததே இல்லை. அவர் கால் இலேசானது. தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்தாலே காலை எடுத்துவிட்டு வண்டியை அதன் போக்கில் உருள விடுவார். கணேஷ்குமாரிடம் ஒரு சட்டம் இருந்தது: "நின்னா ஆஃப்." சக்கரம் நின்றால் சாவியைத் திருப்பிவிட வேண்டும். ஒரே ஒரு தார் இறக்கும் நேரத்துக்குக்கூட இன்ஜின் சும்மா ஓடக் கூடாது. மற்ற ஓட்டுநர்கள் முதலாளி கண்ணில் படும் இடத்தில் மட்டும் அணைப்பார்கள். டோமினிக் எங்கள் வீதியில் தண்ணீர் வாங்கிக் குடிக்க நிறுத்தினாலும் அணைத்துவிட்டுத்தான் இறங்குவார்.

2024 ஜனவரி 29 அன்று புதுப் பிக்கப் வந்தது. பெரிய ரகம், ஒன்றே முக்கால் டன் ஏற்றலாம். வயலூர் முருகன் கோயிலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி எடுத்தார்கள். அந்த வண்டியில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு பட்டன் இருந்தது. ஓட்டும் முறையை மாற்றுவதற்கானது. பவர், எகனாமி என்று இரண்டு முறைகள். பவரில் கால் வைத்ததும் இன்ஜினுக்கு டீசல் தாராளமாகப் போகும். பாரத்தோடும் வண்டி விருட்டென்று கிளம்பும். எகனாமியில் அதே அளவு மிதித்தாலும் டீசல் அளந்துதான் போகும். வேகம் மெதுவாக ஏறும், செலவு குறையும். விற்ற இடத்தில் இதைக் கணேஷ்குமாருக்கு விளக்கியிருந்தார்கள். அவர் கோயில் வாசலிலேயே ஏறி உட்கார்ந்து பட்டனை அமுக்கினார். மீட்டரின் கீழ்மூலையில் சின்னதாகப் பச்சை விளக்கு எரிந்தது.

"டோமு, எகனாமில போட்டுட்டேன். இனிமே இதுல கை வைக்காதே. பவர்ல போட்டு ஓட்டினா கட்டுபடி ஆகாது."

"நான் ஏன் தொடப்போறேன்? சாமி முன்னாடி வச்சு நீயே போட்டுருக்க."

டோமினிக் தொடவில்லை. தினமும் காலையில் வண்டியைக் கிளப்பும்போது கணேஷ்குமாரே ஒரு தடவை அமுக்கிவிடுவார். லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் என்று கணேஷ்குமார் எண் வைத்தார். பிப்ரவரி முடிந்து பார்த்தபோது பத்தரைகூட வரவில்லை. புது வண்டி, இன்ஜின் பழகவில்லை என்று இருவரும் சொல்லிக்கொண்டார்கள். மார்ச்சிலும் அதேதான். டோமினிக் டயர் காற்றைப் பார்த்தார், ஏர் ஃபில்டரைத் தட்டினார், டேங்க் மூடியை முகர்ந்து பார்த்தார். பங்க்கில் அளவு குறைகிறதோ என்று பங்க்கை மாற்றினார். மே மாதப் பிடித்தம் வந்த அன்று வீட்டில் அமலராணி சொன்னார்:

"கொஞ்சம் அதிகமா மிதிக்கிறியோ என்னவோ."

"என் கால் எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்ச கால்தான் மாசம் நாலாயிரம் குடிக்குது."

ஜூலை 6, சனிக்கிழமை காலை. காந்தி மார்க்கெட்டில் மாத்ருபூதத்தின் வாழைமண்டியில் ஏலம் முடிந்து, வியாபாரிகளும் சுமைக்காரர்களுமாக நின்றிருந்தார்கள். டோமினிக் தார் ஏற்றிக்கொண்டிருந்தார். கணேஷ்குமார் வந்தார்.

"ஏன் டோமு, டீசலை வண்டி குடிக்குதா, வேற யாராவது குடிக்கிறாங்களா?"

நாலு பேர் சிரித்தார்கள். டோமினிக்கும் சிரித்துக்கொண்டே, "அமலராணியும் இதைத்தான் கேக்குறா முதலாளி" என்றார்.

"சிரிக்காதே. அஞ்சு மாசமா நாப்பது நாப்பது லிட்டரா போவுது. எங்க இறக்குற? எவன் வாங்குறான்? அதைச் சொல்லு."

"என்ன கணேசு..."

"கணேசா? திருடித் திங்கிறவனுக்கு நான் கணேசு இல்லை. சாவியைக் குடு."

தோளில் இருந்த தாரை டோமினிக் வண்டியில் சரியாக வைத்தார். பிறகு சாவியைக் கொடுத்தார். மாத்ருபூதம், "கணேஷ், உள்ள வந்து பேசு, இப்பிடி நடுவுல வச்சு..." என்று எழுந்தார். கணேஷ்குமார் அதற்குள் போய்விட்டார். சாவியைக் கொடுத்துவிட்டு எந்த வழியாக வீட்டுக்கு நடந்தார் என்பது தனக்கே ஞாபகம் இல்லை என்று டோமினிக் பிறகு என்னிடம் சொன்னார்.

பிக்கப் ஸ்ரீதர் என்ற ஓட்டுநரிடம் போனது. ஆகஸ்டில் அதே வண்டி லிட்டருக்குப் பன்னிரண்டரை ஓடியது. கணேஷ்குமார் அதை மண்டியில் எல்லோரிடமும் சொன்னார். "டோமினிக் போனான், மைலேஜ் வந்துச்சு." அதற்கு மேல் யாருக்கும் சாட்சி வேண்டியிருக்கவில்லை. டோமினிக் வேலை கேட்டுப் போன இடங்களில் வண்டி இல்லை என்றார்கள். வண்டிகள் வாசலிலேயே நின்றன. "நாப்பது லிட்டர்" என்று ஒரு பட்டப்பெயர் வந்துவிட்டது. ஞாயிறு பூசைக்கு அவர் பின்வரிசையில் உட்கார்ந்து, கடைசி ஆசீர் முடியும் முன்பே வெளியேறத் தொடங்கினார்.

ஒரே ஒரு கதவு பாதி திறந்திருந்தது. அவர் மகள் லிசி படித்த கான்வென்ட் பள்ளியில் பேருந்து ஓட்டுநர் வேலை காலியாக இருந்தது. தாளாளர் சிஸ்டர் டோரதிக்கு டோமினிக்கைப் பிடித்திருந்தது. "ஆனா கேள்விப்பட்டதை கேள்விப்படாத மாதிரி இருக்க முடியாது டோமினிக். பிள்ளைங்க ஏறுற வண்டி. பழைய முதலாளிகிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க. நவம்பர் முடிய வேற ஆள் போடாம பாத்துக்கிறேன்" என்றார்.

செப்டம்பரில் ஒரு காலை, மார்க்கெட் பக்கத்து டீக்கடையில் டோமினிக் நின்றிருந்தார். ஸ்ரீதர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்தார். நல்ல சுபாவம் உள்ளவர்; கொஞ்சம் தயங்கித்தான் பேச்சை எடுத்தார்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க, ஒண்ணு கேக்கவா? நீங்க ஒவ்வொரு கடையிலயும் ஸ்டார்ட் பண்ணினதும் பட்டன் அமுக்கலையா?"

"அமுக்க என்ன இருக்கு? அது எகனாமிலதானே கெடக்கு."

"எங்க கெடக்கு? ஆஃப் பண்ணினா தானா பவருக்குப் போயிடும்லண்ணே. சாவி போட்டதும் மறுபடி அமுக்கணும். பச்சை லைட் வந்தாத்தான் எகனாமி."

டோமினிக் கிளாஸைக் கீழே வைத்தார்.

"உனக்கு யாரு சொன்னா?"

"முதலாளிதான். சர்வீஸ் விட்டுட்டு வந்த மறுநாள் பக்கத்துல உக்காந்து கடைக்குக் கடை அவரே அமுக்கிக் காட்டினாரு. உங்களுக்கும் சொல்லியிருப்பாருன்னு நினைச்சேன்."

டோமினிக் நேராக ஸ்ரீரங்கம் பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தார். முதலில் அவர் பேசியது கணேஷ்குமாரைப் பற்றி அல்ல. "ஒழுங்கா அணைச்சதுதான் சார் என்னைக் கெடுத்துருக்கு" என்றார். விஷயம் அவ்வளவுதான். கணேஷ்குமார் காலையில் ஒரு தடவை அமுக்கிய பட்டன் முதல் கடையில் சாவியைத் திருப்பியதும் செத்துவிடும். அதன்பின் மீதிப் பதினைந்து கடைக்கும் பவர். அணைக்காமல் ஏமாற்றும் ஓட்டுநர் கையில் அந்த வண்டி இருந்திருந்தால் எகனாமி நிலைத்திருக்கும், பிடித்தம் வந்திருக்காது. பச்சை விளக்கை ஏன் பார்க்கவில்லை என்று கேட்டேன். "போட்ட சுவிட்ச் போட்ட எடத்துல இருக்கும்னுதான் சார் இத்தனை வருசம் ஓட்டுனேன். கை வைக்காதேன்னாரு, அந்தப் பக்கம் பாக்கவே இல்லை" என்றார்.

கணேஷ்குமார் சொல்ல மறந்திருப்பார் என்று அன்று டோமினிக் நம்பினார். நம்ப விரும்பினார் என்று எழுதுவதே சரி. மறுநாள் சர்வீஸ் மையத்துக்கு அவரோடு நானும் போனேன். வண்டிகளை வரவேற்றுக் குறை கேட்கும் வேலையில் இருந்தவர் சம்ரீன் என்ற இளம்பெண். அவருக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது.

"ஜூலை பதினாறு சார். மைலேஜ் வரலைன்னு கோவமா வந்தாங்க. நான் கூட உக்காந்து ஆஃப் பண்ணி ஆன் பண்ணிக் காட்டினேன். முதல்ல சிரிச்சாங்க. அப்புறம் அவங்களே நாலஞ்சு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தாங்க. எங்ககிட்ட டிரைவர் நம்பர்னு உங்க நம்பர்தான் இருந்துச்சு. ஃபோன் போட்டுச் சொல்லிடவான்னு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?" என்றார் டோமினிக்.

"'வேணாம்மா, நானே சொல்லிக்கிறேன்'னாங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் டோமினிக் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டார்.

மாத்ருபூதத்திடமும் அதே ரகப் பிக்கப் ஒன்று இருந்தது. அதில் பாரம் ஏற்றி ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று நான் கேட்டேன்; அவர் தடை சொல்லவில்லை. டேங்க்கை விளிம்புவரை நிரப்பி, ஓடிவிட்டு, மறுபடி விளிம்புவரை நிரப்பினால் செலவு தெரிந்துவிடும். அதே பாரம், அதே தொட்டியம் சாலை, அதே கடைகள், டோமினிக்கின் அதே கால். முழுக்கப் பவரில் 10.5 வந்தது. ஒவ்வொரு முறையும் பட்டனை அமுக்கி எகனாமியில் 12.7. காலையில் மட்டும் அமுக்கிவிட்டு, நின்ற இடமெல்லாம் அணைத்து ஓடியதில் 10.6. வித்தியாசம் நெடுஞ்சாலையில் கொஞ்சம்தான். நின்று நின்று கிளம்பும் கடைத்தெருவில்தான் பவர் டீசலை விழுங்குகிறது. பாரத்தோடு அசையாமல் நிற்கும் வண்டியை நகர்த்துவதில்தான் செலவே. பச்சைமலைக்கு எரு ஏற்றிப் போனபோது எகனாமி ஒன்றும் மிச்சப்படுத்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஏற்றத்தில் வண்டி திணறி, மிதியைத் தரையோடு அழுத்தி, கீழ் கியரிலேயே ஏற வேண்டியிருந்தது. இரண்டு முறையிலும் ஏழுக்குப் பக்கம். அங்கே பவரே மேல் என்றார் டோமினிக். பட்டன் எல்லா இடத்திலும் நல்லது செய்யும் என்பது விற்பவர்கள் பேச்சு.

மாத்ருபூதம் எண்களைப் பார்த்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"எனக்குப் புரிஞ்சுபோச்சு தம்பி. ஆனா நான் சொல்லி என்ன? மாத்ருபூதம் டோமினிக்குக்காகப் பேசுறான்னுதான் சொல்வாங்க. கணேஷ் வாயால வரணும்."

"அப்ப எனக்கு உங்க வண்டியைக் குடுங்கண்ணே. நான் ஓட்டுறேன்."

"கணேஷ் இந்த மண்டிக்கு தினம் மூணு நாலு லோடு எடுக்கிறான்பா. என்னை இதுல மாட்டிவிடாதே."

அக்டோபர் 11 ஆயுதபூஜை. கணேஷ்குமார் வீட்டை ஒட்டிய காலிமனையில் வண்டிகளைக் கழுவி, பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டி வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். அங்கே திருஷ்டிப் பூசணிக்காய் உடைப்பது ஒவ்வொரு வருடமும் டோமினிக்தான். "வேதக்காரன் உடைச்சா ரெண்டு சாமியும் பாத்துக்கும்" என்பார் கணேஷ்குமார். இந்த முறை ஸ்ரீதர் உடைத்தார். டோமினிக்கும் நானும் போனபோது ஓட்டுநர்களுக்குப் பொரியும் புதுச்சட்டையும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"வா டோமு" என்றார் கணேஷ்குமார், ஒன்றுமே நடக்காதது போல. "பொரி வாங்கிக்க."

"பொரி வேணாம் சார்."

"என்ன புதுசா சாரு மோருன்னு?"

"ஸ்ரீதருக்குப் பட்டன் சொல்லிக் குடுத்தீங்களாமே. எனக்கு ஏன் சொல்லலை?"

ஓட்டுநர்கள் பொரி மெல்வதை நிறுத்தினார்கள். கணேஷ்குமார் அவர் தோளில் கை போட்டுக் கடைசி வண்டிக்குப் பின்னால் அழைத்துப் போனார். நான் முன்சக்கரத்தின் பக்கத்தில் நின்றேன், பேசியதெல்லாம் கேட்டது.

"என்னைத் திருடன்னு சொன்னதுக்கு முன்னாடி தெரியுமா, பின்னாடி தெரியுமா? அதை மட்டும் சொல்லு."

"பின்னாடிதான் டோமு. சத்தியமா. பத்து நாள் கழிச்சு."

"அப்ப பதினொண்ணாவது நாள் வந்து சொல்லியிருக்கலாமே."

"எப்பிடிச் சொல்றது? அத்தனை பேர் முன்னாடி கத்திட்டேன். திரும்பப் போய், எனக்குத்தான் பட்டன் அமுக்கத் தெரியலைன்னா, எவன் என்னை மதிப்பான்? இந்த மூணு பேருக்கும் நான் மைலேஜ் புடிக்கிறேன். நாளைக்கு ஆளாளுக்கு ஒரு பட்டனைக் காட்டுவான்."

"அதுக்காக நான் திருடனாவே இருக்கணுமா?"

"யாரு இப்ப உன்னைத் திருடன்ங்கிறா? நான் போலீசுக்கா போனேன்? புடிச்ச பணம்தானே, இந்தா, இப்பவே எண்ணித் தரேன். மேலயே போட்டுத் தரேன்."

"பணத்தை உள்ள வை. அங்க நிக்கிறாங்க பாரு, அவங்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லு. அப்புறம் ஒருநாள் காலையில மண்டிக்கு வந்து சொல்லு. வேற ஒண்ணும் கேக்கலை கணேசு."

மட்டுவார்குழலி சுண்டல் தட்டோடு வந்து நின்றார். டோமினிக் அவரைப் பார்த்தார். அந்த அம்மாள் தட்டைப் பார்த்தபடி, "பூஜை நேரத்துல எதுக்குண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கணேஷ்குமார் குரலைத் தணித்தார். "வாயால சொல்றதுதான் எனக்குக் கஷ்டம். ஸ்கூலுக்கு லெட்டர் வேணுமாமே, கேள்விப்பட்டேன். எழுத்தா தரேன். உன் பேர்ல ஒரு குத்தமும் இல்லாம எழுதித் தரேன். போதுமா?"

டோமினிக் ஒத்துக்கொண்டார். மண்டியில் சொல்வதை விட்டுக்கொடுத்தது அவருக்கு லேசாக இருந்திருக்காது. இருபத்திரண்டு வருட நண்பர் அதற்காவது இறங்கி வந்தாரே என்று வழியில் சொன்னார். அன்று மாலை அமலராணி அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, "ஊருக்கெல்லாம் ரோடு தெரியும் உனக்கு. ஒரு மனுசனைத் தெரியலை" என்றார்.

கடிதம் வரவில்லை. தொலைபேசியைக் கணேஷ்குமார் எடுக்கவில்லை. அக்டோபர் 28இல் டோமினிக் ஒரு கடிதம் எழுதினார். நவம்பர் 9இல் பதிவுத் தபாலில் இன்னொன்று. இரண்டிலும் பட்டனைப் பற்றி ஒரு வரி, பள்ளி வேலையைப் பற்றி ஒரு வரி, பழைய நட்பைப் பற்றி ஒன்றுமில்லை. இதற்கிடையில் சோற்றுக்கு வேண்டுமே என்று ஒரு பேட்டரி ஆட்டோவை வாடகைக்கு எடுத்து, ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்திலிருந்து அம்மா மண்டபப் படித்துறைக்கு ஆள் ஏற்றினார். "இதுல எவனும் டீசல் கேக்க முடியாது சார்" என்று என்னிடம் சிரித்தார். சிரித்த முகம் அது இல்லை.

கடைசியில் பதில் வந்தபோது டோமினிக் உறையைப் பிரிக்காமலேயே எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அமலராணியும் கூட வந்திருந்தார். அச்சடித்த லெட்டர்பேடில், தட்டச்சு செய்து, முத்திரை குத்தி, கணேஷ்குமார் கையெழுத்துப் போட்டிருந்தார். நான் சத்தமாகப் படித்தேன்:

"திரு. த. டோமினிக் 2002 முதல் 2024 ஜூலை வரை எங்களிடம் ஓட்டுநராகப் பணிபுரிந்தார். பணியின் இறுதி மாதங்களில் அவர் பொறுப்பில் ஏற்பட்ட டீசல் குறைவுகளை, அவருடைய நீண்ட நாள் உழைப்பையும் குடும்ப நிலையையும் கருதி, நாங்கள் முழுமனதோடு மன்னித்துவிட்டோம். அவர் மீது மேல்நடவடிக்கை எதுவும் இல்லை. அவர் வாழ்வில் திருந்தி மேன்மையடைய வாழ்த்துகிறோம்."

"இன்னொரு தடவை படிங்க சார்" என்றார் டோமினிக். படித்தேன்.

"மன்னிச்சுட்டானாமா?"

அமலராணி கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, அந்த ஒரு வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டார். "இதுவரைக்கும் வாயாலதான் சொல்லிட்டிருந்தான். இப்ப முத்திரை போட்டுக் குடுத்துட்டான். இதைக் கொண்டுபோய் சிஸ்டர்கிட்ட காட்டு, முதலாளி எவ்வளவு பெரிய மனசுக்காரர்னு சொல்லுவாங்க."

டோமினிக் பள்ளிக்குப் போகவில்லை. சிஸ்டர் டோரதி சொன்ன சொல்படி மாதம் முடியும்வரை பொறுத்திருந்து, டிசம்பரில் வேறு ஓட்டுநரைப் போட்டார். கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டோமினிக் அதைப் படித்த அன்றும் அம்மா மண்டபத்துக்கு ஆள் ஏற்றப் போனார். அதன்பின் அவர் கணேஷ்குமாருக்கு எழுதவில்லை. அந்தப் பக்கத்திலிருந்தும் வேறு கடிதம் வரவில்லை. அந்த ஒரே கடிதம் வந்த நாள் 2024 நவம்பர் 18, திங்கட்கிழமை.